ஈறு அடங்கட்டும், பிறகு கம்பி

பல் நலம்: வாசகர் கேள்வி பதில்

ஈறு வீங்கி ரத்தம் கசிகிறவர்கள் பல் கம்பி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். ஈறு நோய் மருத்துவரும் பல் சீரமைப்பு மருத்துவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு 43 வயது. மூன்று நான்கு வருடமாக மேல் முன்பற்கள் முன்னால் தள்ளிக்கொண்டே வருகின்றன. நடுவில் சந்தும் விழுந்துவிட்டது. பல் தேய்த்தால் ரத்தம் வரும். ஒரு டாக்டர், “முதலில் ஈறைச் சரி பண்ணுங்க, ஆறு மாசம் கழிச்சு கம்பி பார்க்கலாம்” என்கிறார். இன்னொருவர், “இப்பவே போட்டுடலாம்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகி, ஈரோடு

பதில்: ஈறைச் சரி பண்ணச் சொன்னவர் பேச்சைக் கேளுங்கள். நாற்பது வயதுக்கு மேல் முன்பற்கள் தாமாக விசிறி மாதிரி விரிகின்றன என்றால், பெரும்பாலும் அவற்றைப் பிடித்து வைத்திருந்த எலும்பு இறங்கியிருக்கிறது. வேர் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார்ச்சவ்வு உண்டு. தூளியில் தொங்குவதுபோல் பல் அந்த நார்களில் தொங்குகிறது. நாக்கு உள்ளிருந்து தள்ளுவதையும், கடிக்கும்போது கீழ்ப்பற்கள் முட்டுவதையும் நார்களும் எலும்பும் சேர்ந்து தாங்குகின்றன. ஈறு நோயில் இரண்டும் குறையக் குறைய, இத்தனை வருடம் ஒன்றும் செய்யாத அதே நாக்கு இப்போது பல்லைத் தள்ளிவிடுகிறது.

இந்த நிலையிலேயே கம்பி போட்டாலும் பல் நகரத்தான் செய்யும். தாங்கும் எலும்பு குறைவு என்பதால் எளிதாகவே நகரும், முதல் சில மாதம் பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பல் சாயும்போது, ஈறு விளிம்புக்கு வெளியே இருந்த அழுக்குப் படலம் ஈறுக்கு உள்ளே இறங்கிவிடும். 1977-ல் ஸ்வீடனைச் சேர்ந்த எரிக்சன், திலாண்டர், லிண்டே முதலியோர் நாய்களிடம் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். படலம் சேரவிட்ட பற்களைச் சாய்த்தபோது ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே, எலும்புக்குள் இறங்கும் பள்ளங்கள் (இவற்றைப் பைகள் என்போம்) உண்டாயின. சுத்தமாக வைத்திருந்த பற்களை அதேபோலச் சாய்த்தபோது அப்படி ஆகவில்லை.

ஆனால் ‘ஆறு மாதம்’ என்ற கணக்கைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். எலும்பை மீட்கும் ஈறு அறுவை சிகிச்சைக்குப் பின், 4 வாரத்தில் கம்பியைத் தொடங்கியவர்களையும் 6 மாதம் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. இரு தரப்பாருக்கும் கிடைத்த பலன் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் அனைவருக்கும் நோய்த்தொற்று முன்பே அடக்கப்பட்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது. நாள்காட்டியைவிட, அளவுக்கோலை ஈறுக்குள் விட்டால் ரத்தம் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வயதைப் பற்றிக் கவலையே வேண்டாம். எலும்பு பாதி குறைந்தவர்களுக்குக்கூட, ஈறு அடங்கிய பிறகு பற்களை நல்லபடியாகத் திரும்ப இழுத்து வைக்க முடிகிறது.

கேள்வி: வெள்ளை அணுக்கள் நம்மைக் காப்பவை என்றுதான் வகுப்பில் சொல்லித் தருகிறேன். ஈறு நோயில் எலும்பைக் கரைப்பதே அவைதான் என்று படித்தேன். கம்பி போடும்போது பல் நகர்வதற்கும் அவைதான் காரணம் என்கிறார்களே, இது எப்படி?
உயிரியல் ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: மூன்றும் உண்மை. கிருமியை விழுங்கும் செல்லுக்கும் எலும்பைக் கரைக்கும் செல்லுக்கும் பிறந்த வீடு ஒன்று. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் என்பது, மோனோசைட் வழிவந்த வெள்ளை அணுக்கள் பல ஒன்றோடொன்று இணைந்து உருவாகும் பெரிய செல். அதே மோனோசைட் வேறு சூழலில் மேக்ரோஃபேஜ் ஆகிக் கிருமியை விழுங்கும். எந்த வழியில் போவது என்பதைச் சுற்றியிருக்கும் செல்கள் அனுப்பும் சேதி முடிவு செய்கிறது. அந்தச் சேதிகளில் முக்கியமானது ரேங்க்-எல் என்ற புரதம். முன்னோடிச் செல்லின் மேலிருக்கும் ரேங்க் ஏற்பியில் அது போய்ப் பொருந்தினால் ஆஸ்டியோகிளாஸ்ட் பிறக்கும். ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்ற இன்னொரு புரதம் ரேங்க்-எல்லை வழியிலேயே மறித்துக்கொள்ளும். இவற்றில் எது ஓங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து எலும்பு கரையும் அல்லது நிற்கும்.

இப்போது ஈறு நோய்க்கு வருவோம். பல்லோரப் படலத்தில் கிருமிகள் பெருகியதும் முதலில் வந்து சேர்பவை நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள். அவை கிருமியைக் கொல்லக் கக்கும் நொதிகள் பக்கத்திலிருக்கும் நார்களையும் சேர்த்து அரித்துவிடும். பின்னால் வரும் மேக்ரோஃபேஜ்கள் இன்டர்லூக்கின்-1, டிஎன்எஃப், புரோஸ்டாகிளாண்டின் போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. படலம் அகலாமல் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தால் டி செல்கள், பி செல்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களும் குடியேறுகின்றன. நாள்பட்ட ஈறுப் புண்ணைத் துண்டெடுத்துப் பார்த்தால் பி செல்லும் அதிலிருந்து உருவான பிளாஸ்மா செல்லுமே நிறைந்திருக்கும். டிஹெச்-17 என்ற டி செல் வகை சுரக்கும் இன்டர்லூக்கின்-17, சுற்றியிருக்கும் செல்களை ரேங்க்-எல் உற்பத்தி செய்யத் தூண்டுகிறது. டி செல்லும் பி செல்லும் தாமே ரேங்க்-எல் தருவதும் உண்டு. எலும்பு பின்வாங்கத் தொடங்குகிறது.

கம்பி போடும்போது கிருமி இல்லாமலே இதே நாடகம் சிறிய மேடையில் நடக்கிறது. பல் போய் அழுத்தும் பக்கத்தில் நார்ச்சவ்வு நசுங்கி ரத்த ஓட்டம் குறைகிறது. அங்குள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டினையும் இன்டர்லூக்கின்-1-ஐயும் ரேங்க்-எல்லையும் வெளியிடுகின்றன, மோனோசைட்கள் வந்து ஆஸ்டியோகிளாஸ்ட் ஆகின்றன, எலும்பு கரைகிறது, பல் நகர்கிறது. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபட்டு, ஆஸ்டியோபிளாஸ்ட்கள் புது எலும்பு கட்டுகின்றன. வேலை முடிந்ததும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் ஆற்றும் வகை மேக்ரோஃபேஜ்களும் இன்டர்லூக்கின்-10 போன்றவற்றால் அழற்சியைத் தணிக்கின்றன. மெல்லிய இடத்தில், சில வாரமே நடந்து அடங்குவதால் இது நன்மையாக முடிகிறது.

இரண்டும் ஒரே பல்லில் ஒரே நேரத்தில் நடந்தால்தான் கேடு. கம்பி கொடுக்கும் சேதியும் கிருமி கொடுக்கும் சேதியும் கூடிக்கொள்கின்றன. கரைக்கும் வேலை வாரக்கணக்கில் முடிவது, கட்டும் வேலை மாதக்கணக்கில் நடப்பது. அழற்சி ஓயாத இடத்தில் கட்டுகிறவர்களுக்கு முறையே வருவதில்லை. பல் புது இடத்துக்குப் போய்விடும், கூடவே போக வேண்டிய எலும்பு போகாது.

உங்கள் வகுப்பில் சொல்ல ஒரு செய்தி. ஹெரால்ட் லோ என்ற நார்வே நாட்டு மருத்துவர் குழு, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் 480 ஆண்களை 1970-லிருந்து 15 ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தது. பல் மருத்துவ வசதி அவர்களுக்குக் கிடைத்ததில்லை. ஏறக்குறைய எல்லோருக்கும் படலம், பல்லில் கெட்டியாகப் படியும் காரை, ஈறு வீக்கம் இருந்தன. ஆனாலும் 8 சதவீதம் பேருக்கு மட்டுமே பல்பிடிப்பு, அதாவது வேரைப் பிடித்திருக்கும் திசு, வேகமாக அழிந்தது. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக இறங்கியது. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் ஆகவில்லை. முதல் கூட்டத்தாருக்கு 35 வயதிலேயே சராசரியாக 9 மி.மீ. பிடிப்பு போயிருந்தது, மூன்றாம் கூட்டத்தாருக்கு 1 மி.மீ.கூடப் போகவில்லை. அழுக்கு எல்லோருக்கும் பொது, அதற்கு உடம்பு காட்டும் எதிர்வினை ஆளுக்கு ஆள் வேறு என்று உலகத்துக்குக் காட்டியவை அந்த உழைப்பாளிகளின் வாய்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் இந்த எண்களைச் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் தமிழர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஈறு சிகிச்சை முடிந்தது, இனி கம்பி போடலாம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? நாங்கள் என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?
வாசகர், மதுரை

பதில்: ஈறு அளவு அட்டை கேளுங்கள். மி.மீ. கோடு போட்ட மெல்லிய கோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் அளப்பார்கள். 28 பல் என்றால் 168 எண்கள். அழுத்தம் 25 கிராம் அளவுக்குள் இருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்துக்கு அடியில் அந்தக் கோலை வைத்து அழுத்தினால் வலிக்காத அளவு அது. கோல் இறங்கும் ஆழம் 1 முதல் 3 மி.மீ. வரை இயல்பு. சிகிச்சைக்குப் பிறகு 4 மி.மீ. இருந்து, ரத்தம் வராவிட்டால் ஏற்கலாம். 4 மி.மீ. இருந்து ரத்தமும் வந்தால் அங்கே வேலை பாக்கி. 6 மி.மீ. பை ஒன்று இருந்தாலும் அந்தப் பல்லில் கம்பி வைப்பது தவறு.

வழக்கமான வரிசை இது. முதலில் பல் க்ளீனிங். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேரில் ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுப்பது. இதற்கு இரண்டு முதல் நான்கு தடவை வரச் சொல்லலாம். ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடியும் அந்த 168 எண்களை எடுப்பார்கள். ஆழம் குறையாத இடத்தில் மட்டும் அறுவை சிகிச்சை. ‘க்ளீனிங் பண்ணியாச்சு’ என்ற பேச்சோடு, மறு அளவு எடுக்காமல் கம்பி ஒட்டுவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. முழுவாய் எக்ஸ்-ரே ஒன்று மட்டும் போதாது, முன்பற்களுக்குச் சின்ன எக்ஸ்-ரேக்களும் எடுத்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

கம்பியிலும் மாற்றம் வேண்டும். எலும்பு இறங்கிய பல்லில், பிடிப்பின் மையம் வேரின் நுனிப் பக்கம் போய்விடுகிறது. கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் பிராக்கெட்டோ பழைய இடத்திலேயே இருக்கிறது. கடைக்காலில் பாதி மண் போன கம்பத்தைத் தள்ளுவது மாதிரி, அதே விசைக்குப் பல் அதிகமாகச் சாயும். அதனால் 0.012 அல்லது 0.014 அங்குல நிக்கல்-டைட்டானியம் கம்பியில் தொடங்குவது நல்லது. வெளியே இறங்கிவந்த முன்பல்லை உள்ளே ஏற்ற, பல்லுக்கு 10 முதல் 15 கிராம் விசை போதும். பின்பற்களில் வளையம் மாட்டுவதற்குப் பதிலாகக் குழல் ஒட்டச் சொல்லுங்கள், வளையத்தின் விளிம்பு ஈறுக்கடியில் போய் அழுக்கைப் பிடித்துவைக்கும். பிராக்கெட்டில் கம்பியைக் கட்ட ரப்பர் வளையத்தைவிட மெல்லிய எஃகுக் கம்பி மேல், ரப்பரில் படலம் அதிகம் சேரும். பிராக்கெட்டைச் சுற்றிப் பிதுங்கி நிற்கும் பசையைத் துடைத்தெடுக்காமல் விட்டால், அதன் சொரசொரப்பில் அடுத்த வாரமே ஈறு சிவக்கும். கம்பிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் போட்டால் தேய்ப்பது சுலபம். ஆனால் ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்கும் ஒழுங்கு உள்ளவருக்கே அது பயன்படும்.

கம்பி போட்ட பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறு மருத்துவரிடம் க்ளீனிங்கும் அளவும். நடுவில் ரத்தமோ சீழோ வந்தால், எல்லாவற்றையும் பிய்த்தெடுக்க வேண்டாம். விசை தராத கம்பியாக மாற்றிப் பல்லை அதே இடத்தில் நிறுத்தி, ஈறை அடக்கிவிட்டுத் தொடரலாம்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. முன்பல் சந்தை மூட ஆன்லைனில் சின்ன ரப்பர் வளையம் வாங்கி இரண்டு பல்லையும் சேர்த்து மாட்டியிருக்கிறான். சந்து மூடுகிறது. ஈறு மட்டும் வீங்கியிருக்கிறது. பரவாயில்லையா?
தாய், திருப்பூர்

பதில்: அம்மா, இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு முதலில் அந்த ரப்பரைக் கழற்றச் சொல்லுங்கள். முன்பல்லின் வேர் கூம்பு வடிவம், மேலே போகப் போக மெலிந்துகொண்டே போகும். சுருங்கும் ரப்பர் எப்போதும் மெலிந்த பக்கம்தான் வழுக்கும். ஈறுக்குள் நுழைந்து, வேரைச் சுற்றியிருக்கும் நார்களை அறுத்துக்கொண்டே மேலேறும். ரப்பர் காணாமல்போனால், ‘தூக்கத்தில் விழுங்கிவிட்டான் போலிருக்கிறது’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அது உள்ளேதான் இருக்கும், எக்ஸ்-ரேயில்கூடப் பெரும்பாலும் தெரியாது. சில வாரத்தில் பல் ஆடும், நீளமாகும், ஈறில் சீழ் வைக்கும். நோயே இல்லாத இளம் வயதில் இரண்டு நல்ல பற்களை இப்படி இழந்தவர்கள் உண்டு.

ஒரு ரப்பராவது எங்கே போனது என்று தெரியாவிட்டால், நாளைக்கே பல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ரப்பர் மாட்டியிருந்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தேடத் தோன்றாது. ஈறைத் திறந்து எடுத்துவிட்டு, ஆடும் பற்களைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டி வைப்பார்கள்.

கேள்வி: 14 வயது மகளுக்குக் கம்பி போட்டு எட்டு மாதம். ஈறு சதை வளர்ந்து பிராக்கெட்டைத் தொடுகிறது. தேய்த்தால் ரத்தம் வருவதால் அந்த இடத்தைத் தேய்க்கவே பயப்படுகிறாள்.
தந்தை, கும்பகோணம்

பதில்: ரத்தம் வரும் இடத்தைத்தான் கூடுதலாகத் தேய்க்க வேண்டும். விட்டுவிட்டால் வீக்கம் கூடும், வீக்கத்தால் தேய்க்க இன்னும் சிரமமாகும். 1965-ல் ஹெரால்ட் லோ குழு 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னது. 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் வடிந்தது. மகளிடம் இதைச் சொல்லுங்கள், ஒரு வாரம் பொறுத்துக்கொள்வாள்.

மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து வைத்து, இழைகள் ஈறோரம் நுழையும்படி சின்னச் சின்ன அசைவாக ஆட்ட வேண்டும். பிறகு பிராக்கெட்டின் மேற்புறம், அப்புறம் கீழ்ப்புறம். கடைசியாக, பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி இருக்கும் இடைப்பல் பிரஷ்ஷைக் கம்பிக்கு அடியில் விட்டு ஒவ்வொரு பிராக்கெட்டின் இரு பக்கமும் ஐந்தாறு முறை ஏற்றி இறக்க வேண்டும். லேசாக உரசிக்கொண்டு போகும் அளவே சரியான அளவு. இரவில் இதற்கு ஐந்து நிமிடமாவது ஆகும். வாரம் ஒருநாள், படலத்தைச் சிவப்பாகக் காட்டும் மாத்திரையைக் கடித்து மென்றுவிடச் சொல்லிக் கண்ணாடி முன் நிறுத்துங்கள். எங்கே விடுகிறாள் என்று அவளுக்கே தெரிந்துவிடும், நீங்கள் திட்ட வேண்டியதில்லை.

0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி 10 மி.லி., காலையும் இரவும், இரண்டு வாரம் மட்டும். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும், அதனால் தேய்த்து அரைமணி நேரம் கழித்தே கொப்பளிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், சாப்பாட்டு ருசியும் மாறும். வாயைத் திறந்துகொண்டு தூங்கும் பழக்கம் இருந்தால் மேல் முன்ஈறு காய்ந்து வீங்கும், அதையும் கவனியுங்கள். இத்தனைக்கும் வடியாமல் சதை பிராக்கெட்டை மூடினால் லேசர் கொண்டு செதுக்கிவிடலாம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. அம்லோடிபின் சாப்பிடுகிறேன். புகைப்பழக்கமும் இருக்கிறது. ஈறில் ரத்தமே வருவதில்லை. 51 வயதில் கம்பி போடலாமா?
வாசகர், கோலாலம்பூர்

பதில்: ரத்தம் வராததை நம்பாதீர்கள். புகைப்பவர்களின் ஈறில் ரத்தக்கசிவு குறைவாகத் தெரியும், உள்ளே எலும்பு இறங்கிக்கொண்டே இருக்கும். எக்ஸ்-ரேயும் பை ஆழமும்தான் உங்களுக்குச் சாட்சி.

சர்க்கரை அதிகமுள்ள ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் மந்தமாகின்றன, மேக்ரோஃபேஜ்களோ தேவைக்கு மேல் கொந்தளிக்கின்றன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7-க்குள் வந்த பிறகு தொடங்குவது நல்லது. ஈறைச் சரிசெய்தால் மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி-யும் சுமார் 0.4 குறைகிறது என்பது உங்களுக்கு உற்சாகம் தரட்டும். அம்லோடிபின் சிலருக்கு ஈறு சதையை வளர்க்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உங்கள் டாக்டர் வேறு வகை மாத்திரைக்கு மாற்ற முடியும். எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் ஊசியோ எடுக்கிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை ஆஸ்டியோகிளாஸ்ட்டையே முடக்குவதால் பல் நகர்வது தாமதமாகும், பல் பிடுங்கினால் புண் ஆறாத ஆபத்தும் உண்டு.

கேள்வி: கம்பி முடுக்கிய வலிக்கு எந்த மாத்திரை?
வாசகி, கரூர்

பதில்: பாராசிட்டமால். ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டினைத் தடுப்பதால், தொடர்ந்து சாப்பிட்டால் பல் நகர்வு குறையலாம். ஒரு வேளை போட்டதால் ஒன்றும் ஆகிவிடாது. வலி இரண்டு மூன்று நாளில் தணியும்.

கேள்வி: ஈறு நோய்க்குப் பிறகு கம்பி போட்டுப் பல் நேராகிவிட்டது. ஆனால் பற்களுக்கு நடுவே கறுப்பு முக்கோணம் மாதிரி இடைவெளி தெரிகிறது. கம்பியைக் கழற்றினால் பல் திரும்பப் போய்விடுமா?
வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இரண்டு பற்கள் தொடும் புள்ளியிலிருந்து எலும்பு 5 மி.மீ.க்குள் இருந்தால் ஈறு அந்த இடத்தை ஏறக்குறைய எப்போதும் நிரப்பிவிடும். 6 மி.மீ. ஆனால் பாதிக்குச் சற்று மேல், 7 மி.மீ. ஆனால் நாலில் ஒரு பங்குதான். போன ஈறை முழுதாக மீட்க முடியாது. பற்கள் தொடும் பக்கங்களை 0.2 முதல் 0.5 மி.மீ. வரை இழைத்து நெருக்கி வைத்தால் தொடும் புள்ளி ஈறை நோக்கி இறங்கும், முக்கோணமும் சிறுக்கும். கம்பி இருக்கும்போதே இதைச் செய்வது சுலபம், கழற்றும் முன் கேளுங்கள்.

திரும்பிப் போகுமா என்றால், எலும்பு குறைந்த வாயில் நிச்சயம் போகும். பற்களின் உட்புறத்தில் மெல்லிய முறுக்குக் கம்பியை ஒட்டி ஆயுளுக்கும் வைத்திருக்க வேண்டும். அதற்கடியில் காரை சீக்கிரம் படியும், ஆகவே இடைப்பல் பிரஷ் விடாதீர்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொரு பல்லிலும் நகத்தால் கம்பியை மெல்லத் தட்டிப் பாருங்கள். ஒரு பல்லில் மட்டும் பசை விட்டிருந்தால் வலிக்காது, உறுத்தாது, அந்தப் பல் மட்டும் மெல்ல விலகிக்கொண்டே போகும். அந்த வாரமே போய் ஒட்டிக்கொள்ளுங்கள்.